அண்டை வீட்டான் அந்நியனா?

ஏழைகள் இருவர் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றனர். இருவரும் விற்பது ஒரே பண்டம். இருவரிடமும் வாங்குபவன் ஒரே வணிகன். ஒருவன் காலணா குறைத்தால் மற்றவன் அரையணா குறைக்கிறான். குறைத்துக் குறைத்து இருவரும் குன்றிப் போகின்றனர்; வணிகன் மாடிமேல் மாடி எழுப்புகிறான். கூரை ஒழுகும் மழை இரவிலே இந்த ஏழைகள் யாரைச் சபிக்கின்றனர்? மாடியில் உறங்குபவனையா? இல்லை, ஒருவரையொருவர்!

தனி மனிதரிடம் இதைக் காணும்போது நகைக்கிறோம். நாடுகள் இதையே செய்யும்போது அதற்கு நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டி நிமிர்ந்து நிற்கிறோம். வறுமையில் வாடும் நாடொன்று, தன்னைப் போலவே வறுமையில் வாடும் அண்டை நாட்டின் பொருளுக்குக் கதவடைப்பது அறமா? கதவை அகலத் திறந்துவிட்டால் போதும், அறம் தானே வந்து அமர்ந்துவிடுமா? பொருளாதார நூலாருக்கு மட்டும் உரிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. உழைப்பவன் வயிற்றைத் தொடும் கேள்வி எதுவும் நம் கேள்வியே.

இந்தக் கேள்வியை ஆராயத் தலைநகரங்களுக்குப் போக வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டோரத்தில் உள்ள ஸ்ரீமதுரைக்குப் போனால் போதும். பெயரிலே ‘ஸ்ரீ’ உண்டு; பெயரில் உள்ள திரு அங்குள்ள பாட்டாளியின் வீட்டுக்குள் இன்னும் முழுதும் நுழைந்துவிடவில்லை! தேயிலையும் காப்பியும் மிளகும் இஞ்சியும் நெல்லும் விளையும் மண். மேற்கே கேரளத்து வயநாடு, வடக்கே கருநாடகம். மூன்று மாநிலங்கள் கூடும் அந்தப் பக்கத்தில் ஒரு கொடியில் காய்க்கும் மிளகு எந்த மொழி பேசும் மிளகு என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அந்த மிளகுக்கும், அந்தத் தேயிலைக்கும் விலை சொல்லும் வாய் எப்போதும் வேறெங்கோ இருந்து வந்திருக்கிறது. விளைவிப்பவன் இங்கே, விலை விதிப்பவன் அங்கே! இந்த விந்தையின் வேரைத் தேடுவோம்.

வெள்ளை முதலாளிகள் இந்த மலைகளில் தோட்டம் போட்டபோது நீலகிரியையும் இலங்கை மலைநாட்டையும் வெவ்வேறாகக் கருதியதுண்டா? இல்லை. இரண்டும் அவர்களுக்கு ஒரே தொழிலின் இரண்டு பண்ணைகள். இலங்கையில் 1869ஆம் ஆண்டு தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அங்கே காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர். முதலும் முதலாளியும் லண்டன்; உழைப்பு தமிழன்; ஏலம் லண்டன் மாநகரில்!

உலகப் பொருளாதாரம் சரிந்து தேயிலை விலை வீழ்ந்தபோது அந்த முதலாளிகள் என்ன செய்தனர்? ஒருவரையொருவர் கடித்துக் குதறினரா? 1933ஆம் ஆண்டில் இந்தியா, இலங்கை, டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றின் தேயிலை உற்பத்தியாளரும் பன்னாட்டுத் தேயிலை உடன்படிக்கை என்ற ஒன்றைச் செய்துகொண்டனர். யார் எவ்வளவு ஏற்றுமதி செய்வது என்று பங்கு வகுத்தனர். விலையைத் தூக்கி நிறுத்தினர். கொடி வேறு, மொழி வேறு. இலாபம் என்றதும் ஒற்றுமை! அந்த ஒற்றுமையால் உயர்ந்த விலையில் கொழுந்து கிள்ளிய கைக்குக் கிடைத்தது என்ன என்பது வேறு கதை. ஆனாலும் ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும்: அண்டை நாடுகள் ஒத்துழைக்க முடியாது என்பது பொய். முதலாளிகள் ஒத்துழைத்துக் காட்டினர்.

வெள்ளையர் போயினர். விடுதலை வந்தது. விடுதலை பெற்ற அண்டை நாடுகள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? மனிதரை எண்ணிப் பிரித்ததுதான்! இலங்கை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாதிக்குப் பாதி பிரித்தது. 1933இல் தேயிலைக்குப் பங்கு வகுத்தனர். 1964இல் தேயிலை பறித்தவனுக்கே பங்கு வகுத்தனர்! அவனை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

வந்தவர்களுக்கு வாழ்வளிக்க, அண்ணா முதலமைச்சராக இருந்த 1968ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்று மக்கள் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர் வட்டாரங்களின் சரிவுகளில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் மீண்டும் கொழுந்து கிள்ளினர். கண்டியிலும் நுவரெலியாவிலும் கற்ற கைத்திறன் சேரம்பாடியிலும் நெல்லியாளத்திலும் பயன்பட்டது. அக்கரையில் தங்கிவிட்ட அண்ணனும் இக்கரைக்கு வந்துவிட்ட தம்பியும் ஒரே தொழில் செய்தனர். ஆனால் சந்தையிலே இருவரும் போட்டியாளர்! அண்ணனின் தேயிலை விலைபோனால் தம்பியின் அடுப்பு அணைந்துவிடும் என்று நம்பவைக்கப்பட்டனர்.

அந்த நம்பிக்கை உண்மையா? ஆராய்ந்து பார்ப்பதே பகுத்தறிவு.

1990களின் பிற்பகுதியில் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினர். அதே வேளையில், 1998 டிசம்பர் 28 அன்று இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சு 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1 கோடியே 50 லட்சம் கிலோ வரை இலங்கைத் தேயிலை சலுகை வரியில் இந்தியாவுக்குள் வரலாம் என்றது உடன்பாடு. “இதோ குற்றவாளி!” என்று பலர் விரல் நீட்டினர். விரல் நீண்ட திசை தென்கிழக்கு.

ஆனால் வந்த தேயிலை எவ்வளவு? அனுமதித்த அளவில் சிறு பகுதியே வந்தது. இலங்கைத் தேயிலை நீலகிரித் தேயிலையைவிட விலை கூடியது. இங்கே வந்து மலிவாக விற்க அதற்கு அவசியமும் இல்லை. விலை சரிந்ததற்குப் பெருங்காரணம் வேறு. தென்னிந்தியத் தேயிலை பெரிதும் நம்பியிருந்தது சோவியத்து நாட்டை. அங்கே ரூபாய்க் கணக்கில் கொள்முதல் நடந்தது. தரம் பற்றி அதிகம் கேட்காத வாங்குநர் இருந்தார். 1991ஆம் ஆண்டில் சோவியத்து நாடு சிதறியது. ஒரே வாங்குநரை நம்பிய வீட்டில், அந்த வாங்குநர் போனதும் விளக்கு அணைந்தது. கென்யாவும் வியத்நாமும் உற்பத்தியைப் பெருக்கிவந்த காலமும் அதுவே. குற்றம் இங்கே இருக்க, கோபம் மன்னார் வளைகுடாவைத் தாண்டியது!

அதனால் விவசாயியின் முறையீடு எல்லாமே பொய் என்று கூறி நாம் தப்பிக்கலாமா? கூடாது. மிளகைப் பாருங்கள். அதே உடன்பாட்டின் வழியே மிளகும் வந்தது. வியத்நாமில் விளைந்த மிளகு இலங்கையில் கால்வைத்து, இலங்கை மிளகென்று பெயர் சூடி, சலுகை வரியில் இங்கே நுழைந்தது என்று வயநாட்டிலும் குடகிலும் கூடலூரிலும் எழுந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. 2017 டிசம்பரில் இந்திய அரசு மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது அதனால்தான். ஸ்ரீமதுரையில் நாலு கொடி மிளகு வைத்திருப்பவனுக்குப் பகைவன் மாத்தளையில் நாலு கொடி வைத்திருப்பவன் அல்லன். இருவரின் பெயரையும் பயன்படுத்திப் பணம் பண்ணிய இடைத்தரகனே இருவருக்கும் பகைவன்.

வனஸ்பதியின் கதை இதைவிடத் தெளிவானது. உடன்பாடு வந்ததும் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. முதலீடு பெரும்பாலும் இந்திய முதலாளிகளுடையது. விற்ற இடம் இந்தியா. இலங்கையில் நடந்தது என்ன? வரி வேறுபாட்டை அறுவடை செய்யும் வேலை! இந்தியா அளவுக்கட்டுப்பாடு விதித்தது. பின்னர் பாமாயில் வரியையும் குறைத்தது. வேறுபாடு மறைந்தது; ஆலைகளும் மூடின. இலங்கைத் தொழிலாளிக்கு மிஞ்சியது வேலையிழப்பு. வரிச்சுவரை இடித்தால் தொழில் வளரும் என்று சொன்னவர்களின் வாதம் அங்கே நொறுங்கிற்று. சுவரை இடிப்பது எளிது. இடித்த இடத்தில் பொதுக் கூடம் கட்டுவதே கடினம்.

இங்கேதான் நம் இயக்கத்தின் நினைவு நமக்கு வழிகாட்ட வேண்டும். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று நாம் முழங்கினோமே, ஏன் முழங்கினோம்? ஒரே நாடு, ஒரே சந்தை, உள்ளே சுங்கச் சுவர் இல்லை. ஆனாலும் ஆலைகள் ஒரு பக்கம், அங்காடி மறுபக்கம் என்ற நிலை இருந்தது. சேலத்துக்கு இரும்பாலை வேண்டும், சேதுக் கால்வாய் வேண்டும் என்று நாம் கேட்டது பிச்சையா? சந்தையில் பங்கு கொள்பவனுக்குத் தொழிலிலும் பங்கு வேண்டும் என்ற நீதியையே கேட்டோம். சரி, அதே அளவுகோலை எடுத்து இந்தியாவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். இலங்கைக்கும் நேபாளத்துக்கும் வங்காளதேசத்துக்கும் முன்னால் இந்தியா யார்? அங்கே நாம்தான் ‘வடக்கு’! நமக்கு நீதி என்று தோன்றியது அவர்களுக்கு மட்டும் அநீதியாகிவிடுமா? அளவுகோலை இடத்துக்கு இடம் மாற்றுபவன் வணிகனாக இருக்கலாம். அறிவியக்கத்தானாக இருக்க முடியாது.

இதை மறந்த நாடுகள் பட்ட பாட்டை ஆப்பிரிக்கா காட்டுகிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் அமைத்தன. ஒரே இரயில்வே, ஒரே விமானப் போக்குவரத்து, ஒரே அஞ்சல். ஆனால் ஆலைகள் பெரும்பாலும் கென்யாவில் குவிந்தன. மற்ற இரண்டும் வாங்கும் நாடுகளாயின. சமன்செய்ய வரியும் வளர்ச்சி வங்கியும் ஏற்படுத்தினர், போதவில்லை. ஆட்சிகளின் பூசலும் சேர்ந்தது. 1977ஆம் ஆண்டில் வீடு இரண்டுபட்டது. எல்லையை மூடும் அளவுக்கு மனம் கசந்தது. பிறகு? பட்ட அடி பாடமாயிற்று. 1999இல் புதிய உடன்படிக்கை செய்து, 2000ஆம் ஆண்டில் மீண்டும் கூடினர். இன்று மொம்பாசா நகரின் தேயிலை ஏலத்தில் கென்யாவோடு உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி, மலாவி ஆகிய நாடுகளின் தேயிலையும் விற்கிறது. லண்டன் ஏலம் 1998ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆப்பிரிக்க அண்டை நாடுகளின் ஏலம் ஓங்கி ஒலிக்கிறது!

நம் பக்கம் என்ன நிலை? குன்னூரில் ஓர் ஏலம், கொச்சியில் ஓர் ஏலம், கொழும்பில் 1883ஆம் ஆண்டு முதல் ஓர் ஏலம். ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. 1985ஆம் ஆண்டில் டாக்காவில் சார்க் பிறந்தது. 2006 முதல் தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாடும் உண்டு. ஆயினும் இந்த நாடுகளின் மொத்த வணிகத்தில் தமக்குள் செய்துகொள்வது ஏறத்தாழ நூற்றில் ஐந்துதான். மாநாடுகளில் கைகுலுக்கல், துறைமுகங்களில் கைவிலங்கு!

இந்த இடைவெளியில் இலாபம் யாருக்கு? ஒரு கொழுந்தும் முளைக்காத துபாய்ப் பாலைவனத்தில், 2005ஆம் ஆண்டில் ஒரு தேயிலை மையம் திறக்கப்பட்டது. இந்தியத் தேயிலை, இலங்கைத் தேயிலை, கென்யத் தேயிலை யாவும் அங்கே கலக்கின்றன, பொட்டலமாகின்றன, பல நாடுகளுக்குப் போகின்றன. துபாயை நாம் பழிக்கவில்லை. அறிவுடன் செயல்பட்டவரைப் பழிப்பானேன்? தேயிலை விளையும் இரு கரைகளுக்கும் இடையே கடல் சில கல் தொலைவுதான். அந்தத் தொலைவைக் கடக்க முடியாத இலை, பாலைவனத்தில் போய்த் தழுவிக்கொள்கிறது! இதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்.

கூடித் தொழில் செய்ய இரு கரையிலும் இல்லாதது என்ன? இலங்கை தன் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. உலகச் சந்தையில் பெயர் நிறுத்திய அனுபவம் அதற்கு உண்டு. இந்தியாவோ விளைவதில் ஐந்தில் நான்கு பங்கைத் தானே குடித்துவிடும் பெருஞ்சந்தை. கோவையில் இயந்திரம் வார்க்கும் கைத்திறன் இருக்கிறது. கொழும்பில் சுவைபார்த்துக் கலக்கும் நாத்திறன் இருக்கிறது. ஆராய்ச்சி இருபுறமும் நடக்கிறது. செடியைத் தாக்கும் நோய் கடவுச்சீட்டு கேட்டு வருவதில்லை. இலங்கையில் 2021ஆம் ஆண்டில் செயற்கை உரத்துக்குத் திடீர்த் தடை போட்டு விளைச்சல் வீழ்ந்த துயரம், நமக்கும் பாடம்தானே? கலப்பும் பொட்டலமும் பொறியும் ஆய்வும் இரு நாட்டுக்கும் பொதுவான தொழில்களாக வேண்டும். எந்தத் தொழில் எங்கே என்பதைச் சிறியவனுக்கும் பங்கு கிடைக்கும்படி பேசி முடிவுசெய்ய வேண்டும். பெரியவன் விட்டுக்கொடுத்துத் தொடங்க வேண்டும். கதவடைப்பதா, திறந்துவிடுவதா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான்: திறக்க வேண்டும், திறக்கும்போதே உள்ளே உட்காரப் பலகை போட வேண்டும்.

“தமிழனை நாடற்றவனாக்கிய அரசோடு ஒத்துழைப்பா? 1983ஐ மறப்பதா? 2009ஐ மன்னிப்பதா?” என்று தோழர்கள் சினந்து கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி. மறக்கவும் சொல்லவில்லை, மன்னிக்கவும் சொல்லவில்லை. ஆனால் கதவை அடைத்தால் தண்டனை யாருக்கு? கொழும்பின் அமைச்சருக்கா, லயன் அறையில் வாழும் மலையகத் தமிழச்சிக்கா? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமைச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. கூலிச் சிக்கலும் நிலச் சிக்கலும் தீரவில்லை. அவள் வாழ்வு அந்தத் தேயிலையின் விலையில் தொங்குகிறது. 2022ஆம் ஆண்டில் இலங்கை பட்டினியில் துடித்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் அனுப்பியது. அந்தச் செயலில் நம் மரபின் மாண்பு இருந்தது. ஒருவரையொருவர் கொன்று குவித்த பிரெஞ்சு நாடும் செருமனியும், போர் முடிந்து ஆறே ஆண்டில், 1951இல், நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக ஆளும் அமைப்பில் சேர்ந்தன. நீதி கேட்பதை நிறுத்தாமலே கூடித் தொழில் செய்ய முடியும். கூடித் தொழில் செய்யும் மேசையில் நீதி கேட்கும் குரலுக்கு வலிமையும் கூடும். தோட்டத் தொழிலாளியின் கூலியும் குடியிருப்பும் அந்த உடன்பாட்டின் விதிகளிலேயே இடம்பெற வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

கேட்கும் வாய்க்குத் தகுதி வேண்டுமல்லவா? அண்டை நாட்டைப் பார்த்து நீதி பேசும் நாம், அண்டைக் குடிசையைப் பார்த்தோமா? ஸ்ரீமதுரைப் பக்கத்து வயல்களில் சேறு மிதித்தவர்கள் பணியர்கள். வயநாட்டு மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு பகவதி கோயில் உண்டு. அந்தத் திருவிழாவில்தான் நிலக்கிழார்கள் பணியர் குடும்பங்களை அடுத்த ஓராண்டுக்கு அடிமை ஒப்பந்தம் செய்துகொண்டனர். தேவியின் முன்னே மனிதனே சரக்கு! சென்ற நூற்றாண்டிலும் நீடித்த அந்தச் சந்தையைத் தேவி தடுக்கவில்லை; சட்டமும் கிளர்ச்சியும் தடுத்தன. அதுவும் ‘தடையற்ற வணிகம்’தான் தோழர்களே! எல்லையற்ற சந்தை இருந்தால் மனிதன் விடுதலை பெற்றுவிடுவான் என்பவர்கள் வள்ளியூர்க்காவை எண்ணிப் பார்க்கட்டும்.

மாற்று வழியும் அதே மண்ணில் முளைத்தது. 1988ஆம் ஆண்டில் கூடலூர்த் தெருக்களில் நிலவுரிமை கேட்டு ஊர்வலம் வந்த ஆதிவாசி மக்கள், தம் சங்கத்தின் வழியே பின்னர் ஒரு தேயிலைத் தோட்டத்தையே சொந்தமாக வாங்கினர். சிறு விவசாயிகளுக்கென 1965 முதல் குன்னூரில் ‘இண்ட்கோசர்வ்’ என்ற கூட்டுறவு இணையம் இருக்கிறது. கூடலூரின் சாலிஸ்பரி உட்படப் பல ஆலைகள் அதன் கீழ் உள்ளன. குறைகள் உண்டு, திருத்தலாம். கிள்ளியவன் கையிலேயே ஆலையும் இருக்கும்போதுதான், விரியும் சந்தையின் பயன் அவன் வீட்டுக்கு வரும். இல்லையேல் 1933ஆம் ஆண்டின் கதைதான்: மேலே ஒற்றுமை, கீழே பட்டினி.

ஆகவே இளைஞர்களே, படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். விலை விழும்போது எல்லைக்கு அப்பால் கல்லெறியச் சொல்பவன் யார், அவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேளுங்கள். உடன்பாடு வரும்போது, பொருள் எங்கே விளைந்தது, ஆலை எங்கே எழும், கூலி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் முன்வையுங்கள். கூட்டுறவு ஆலையின் தேர்தலுக்கு ஒதுங்கி நிற்காதீர்கள். அக்கரைத் தொழிற்சங்கத் தோழர்களோடு தொடர்பு கொள்ளுங்கள்; முதலாளிகள் 1933இல் செய்ததைத் தொழிலாளிகள் இன்று செய்ய முடியாதா?

பிறந்த சாதியால் மனிதனைப் பிரித்தது மடமை என்று கண்டோம். பிறந்த கரையால் உழைப்பவனைப் பிரிப்பதும் அதே மடமைதான். சாதியை எந்த அறிவால் சாடினோமோ, அதே அறிவால் இதையும் சாடுவோம். உழைப்பவனுக்கு அண்டை வீட்டான் அந்நியன் அல்லன். இருவர் உழைப்பையும் உறிஞ்சுபவனே அந்நியன், அவன் எந்த வீட்டில் இருந்தாலும்!